அறிவுக்கும் அறத்துக்கும் கடவுள்தான் அஸ்திவாரமா? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

"கடவுள் இருக்கிறாரா?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கைவசம் இருக்கும். "சரி, அந்த நம்பிக்கையைக் கழித்துவிட்டால் உங்களுக்குத் தெரிந்ததில் எவ்வளவு மிஞ்சும்? சரி, தப்பு என்று நீங்கள் சொல்வதில் எவ்வளவு மிஞ்சும்?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு தடுமாறும். முதல் கேள்வி கடவுள் இருப்பதைப் பற்றியது. அடுத்தது எது எதைத் தாங்கி நிற்கிறது என்பதைப் பற்றியது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நம்புகிறவர் நம்பாதவரைப் பார்த்து "உன் ஒழுக்கத்துக்கு என்ன ஆதாரம்?" என்கிறார், நம்பாதவர் பதிலுக்கு "நரக பயம் போய்விட்டால் நீ திருடுவாயா?" என்கிறார். எதிராளியின் வீடு எதன்மேல் நிற்கிறது என்று குனிந்து பார்க்காமலேயே இரண்டு பேரும் இடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

இங்கே நான் அடுத்த கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடவுள் நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் என்றாவது ஒருநாள் தனக்குத்தானே முடிவு செய்துகொள்ள வேண்டிய விஷயம் இது. முன்னால் இருக்கும் வழிகள் பெரும்பாலும் நான்குதான். அறிவு, அறம் இரண்டுக்கும் கடவுளே அடி என்பது ஒன்று. அறிவு தானாக நிற்கும், அறத்துக்கு மட்டும் கடவுள் வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டுமே சொந்தக் காலில் நிற்பவை, கடவுள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்கும் என்பது மூன்றாவது. அஸ்திவாரம் தேடுவதே வீண் வேலை என்பது நான்காவது.

பலர் இந்த நான்கையும் மொத்தமாகத் தட்டில் வைத்து எடை போடுகிறார்கள். நான் அப்படிச் செய்யப்போவதில்லை. அறிவுக்கு ஒரு தராசு, அறத்துக்கு வேறொரு தராசு. ஒன்றில் தோற்ற வழி மற்றொன்றில் ஜெயிக்கலாம்.

அறிவின் தராசு

அஸ்திவாரம் என்ற பேச்சு ஏன் வந்தது என்று முதலில் பார்க்கலாம். எதைச் சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று ஒரு குழந்தை கேட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஒன்று, காரணத்துக்குக் காரணம் என்று முடிவே இல்லாமல் போக வேண்டும். அல்லது சுற்றி வந்து கிளம்பிய இடத்திலேயே நிற்க வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் ஓரிடத்தில் "அதெல்லாம் அப்படித்தான்" என்று நிறுத்த வேண்டும். பழைய கிரேக்க ஐயவாதி அக்ரிப்பாவின் பெயரால் இந்த முக்கோணப் பொறி அறியப்படுகிறது. செக்ஸ்டஸ் எம்பிரிகஸ் அதை எழுதி வைத்ததால் நமக்குக் கிடைத்தது. முதல் வழிக்காரர் இந்தப் பொறியைப் பார்த்துவிட்டு, "நிறுத்த வேண்டிய இடம் கடவுள்தான்" என்கிறார்.

இதை முழு வீச்சில் செய்து பார்த்தவர் பிரெஞ்சுத் தத்துவவாதி ரெனே தெகார்த். 1641இல் வெளியான 'தியானங்கள்' என்ற தன் நூலில், தன்னை எல்லா வகையிலும் ஏமாற்றக்கூடிய வல்லமை கொண்ட ஒரு தீய சக்தி இருப்பதாக வைத்துக்கொள்கிறார். இரண்டும் மூன்றும் ஐந்து என்பதில்கூட நான் ஏமாந்திருக்கலாமே என்று சந்தேகப்படுகிறார். அப்புறம் கடவுள் இருக்கிறார் என்று நிரூபிக்கிறார். கடவுள் ஏமாற்றுக்காரர் இல்லை. ஆகவே நான் தெளிவாகவும் துலக்கமாகவும் காண்பது உண்மை. கட்டடம் எழும்பிவிட்டது.

இதில் என்ன சிக்கல் என்பதற்கு ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து எண்களை வரிசையாக எழுதிக் கூட்டுங்கள். சரியா என்று சந்தேகம் வருகிறது. மறுபடி கூட்டுகிறீர்கள், இம்முறை கீழிருந்து மேலாக. அதே விடை. மனம் ஆறுகிறது. இரண்டாவது முறை கூட்டியது யார்? முதல் முறை கூட்டிய அதே தலைதான். அந்தத் தலைக்கு ஏழும் எட்டும் பதினாறு என்று படிந்து போயிருந்தால், எந்தப் பக்கமிருந்து கூட்டினாலும் அதே தப்பு வரும். சரி, கணக்குப் பொறியில் தட்டிப் பார்க்கலாம் என்கிறீர்கள். அதன் திரையில் தெரியும் எண்ணும் காகிதத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றுதான் என்று தீர்ப்புச் சொல்வது யார்? மறுபடியும் அதே தலை. கணக்கு எழுதியவரே தணிக்கையும் செய்கிறார்.

தெகார்த் செய்ததும் இதுதான். கடவுளை நிரூபிக்க அவர் பயன்படுத்திய தர்க்கத்தின் ஒவ்வொரு படியும் 'தெளிவாகக் காண்பது உண்மை' என்பதை நம்பியே போகிறது. அதற்கு உத்தரவாதம் தருபவரோ அந்தப் படிகளின் முடிவில்தான் வருகிறார். இறையியலாளர் அந்துவான் அர்னோ, அதே நூலோடு சேர்த்து அச்சான ஆட்சேபங்களில் இதைச் சுட்டிக்காட்டிவிட்டார். ஒன்றைத் தெளிவாகக் கண்டுகொண்டிருக்கும்போது எனக்கு உத்தரவாதம் தேவையில்லை, முன்பு கண்டதை இப்போது நினைவிலிருந்து எடுக்கும்போதுதான் தேவை என்று தெகார்த் பதில் சொன்னார். கெட்டிக்காரத்தனமான பதில். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. காணும் அந்தக் கணத்தில் அறிவு தானாகவே நிற்கிறது என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. இன்னொரு செலவும் சேர்ந்துகொண்டது. ஏமாற்றாத கடவுள் படைத்த மனிதன் ஏன் இவ்வளவு தப்பு செய்கிறான் என்பதை விளக்க, நான்காவது தியானம் முழுவதையும் அவர் ஒதுக்க வேண்டியிருந்தது.

இந்தப் பொறியில் விழாமல் தாண்டியவர் என்று இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலியைச் சொல்லலாம். புலன்களையும் நம்ப முடியவில்லை, அறிவின் முதல் கொள்கைகளையும் நம்ப முடியவில்லை என்ற ஐயம் அவரை ஏறக்குறைய இரண்டு மாதம் நோயாகப் பிடித்திருந்தது. எந்த நிரூபணத்தாலும் தான் குணமாகவில்லை, இறைவன் நெஞ்சில் இட்ட ஒளியால்தான் குணமானேன் என்று எழுதினார். நிரூபணமே இல்லாததால் சுற்றி வருவதும் இல்லை. நேர்மையான பேச்சு, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் ஒளி வந்தவருக்குத்தான் ஒளி. 'எனக்கும் ஒளி வந்தது' என்று இன்னொருவர் நேர் எதிரான ஒன்றைக் கொண்டு வந்தால், இரண்டில் எது ஒளி என்று பார்க்க மறுபடியும் அந்தப் பழைய தலையைத்தான் கூப்பிட வேண்டும்.

இப்போது முதல் வழிக்காரரின் கையில் உள்ள வலுவான சீட்டுக்கு வருகிறேன். 1881 ஜூலையில், சாவதற்கு ஒன்பது மாதம் முன்பு, டார்வின் வில்லியம் கிரகாம் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சந்தேகம் இருக்கிறது. தாழ்ந்த விலங்குகளின் மனத்திலிருந்து வளர்ந்து வந்ததுதான் மனித மனம் என்றால், அதன் உறுதிப்பாடுகளுக்கு என்ன மதிப்பு? குரங்கின் மனத்தில் உறுதிப்பாடு என்று ஏதாவது இருந்தால் அதை யார் நம்புவார்கள்? கடவுள் நம்பிக்கையுள்ள அமெரிக்கத் தத்துவவாதி ஆல்வின் பிளான்டிங்கா 1993இல் இதை முழு வாதமாகக் கட்டினார். பரிணாமத்துக்கு வேண்டியது பிழைத்திருப்பது. புலியைக் கண்டு ஓடினால் போதும்; ஓடுபவன் மனத்தில் இருக்கும் எண்ணம் உண்மையா பொய்யா என்பது அதற்குப் பொருட்டில்லை. ஆக, கடவுள் இல்லை, பரிணாமம் மட்டும்தான் என்று நம்புகிறவருக்குத் தன் மூளையை நம்பக் காரணம் இல்லை. அந்த மூளை சொன்ன 'கடவுள் இல்லை' என்பதையும் சேர்த்துத்தான்!

வாதம் அழகானது. பாதி தூரம் ஓடவும் செய்கிறது. பாதிக்கு மேல் ஏன் ஓடவில்லை என்றால், பொய்யான எண்ணத்தை வைத்துக்கொண்டு தொடர்ந்து பிழைப்பது பெரும் பாடு. 'புலி என் நண்பன், அவனோடு ஓட்டப்பந்தயம் விடுகிறேன்' என்று நினைத்து ஓடுபவன் இன்று தப்பிக்கலாம். நாளை புலி தூங்கும்போது சும்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவான். ஒவ்வொரு நிலைமைக்கும் ஒரு புதுப் பொய் வேண்டும். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே சிக்கனமான எண்ணம் 'புலி ஆபத்து' என்பதுதான். அதனால் புலி, பள்ளம், நெருப்பு விஷயத்தில் நம் மூளையை நம்பலாம். முடிவிலி, பிரபஞ்சத்தின் தோற்றம் போன்றவற்றில்தான் டார்வினின் சந்தேகம் உறைக்கிறது. அவரும் அந்தக் கடிதத்தில் பேசிக்கொண்டிருந்தது பிரபஞ்சம் தற்செயலா இல்லையா என்பதைப் பற்றித்தான். அப்படி உறைத்தால், 'கடவுள் இருக்கிறார்' என்று முடிவு கட்டும் மூளைக்கும் அது சேர்த்தே உறைக்கும். இந்த வாதம் இரு பக்கமும் அறுக்கிற வாள்.

பிளான்டிங்காவுக்கு இது தெரியாமல் இல்லை. 2000இல் வந்த நூலில் அவர் சொல்வதன் சாரம் இது: கடவுள் நம்பிக்கை உண்மையாக இருந்தால், அது சரியான முறையில் விளைந்த அறிவாகவும் இருக்கக்கூடும். உண்மையாக இல்லாவிட்டால் அப்படி இருக்க வாய்ப்பு குறைவு. கவனியுங்கள், 'இருந்தால்' என்ற சொல்லில் முழுப் பாரமும் தொங்குகிறது. நம்புகிறவர் வெட்கப்படத் தேவையில்லை என்பதற்கு இது போதும். பொது அஸ்திவாரம் போட இது போதாது.

இந்த இடத்தில் சைவ சித்தாந்தம் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் சுபக்கம் பதியில், அதாவது இறைவனில், ஆரம்பிக்கவில்லை; அளவையில், அதாவது அறியும் வழிகளில், ஆரம்பிக்கிறது. காட்சி (நேரில் காண்பது) என்றால் என்ன, கருதல் (ஊகிப்பது) எப்படி, உரை (நம்பத்தக்கவர் சொல்) எப்போது செல்லும் என்று பேசிவிட்டுத்தான் இறைவனிடம் போகிறது. அதற்கு மூலமான மெய்கண்டாரின் சிவஞானபோதத்தின் முதல் சூத்திரமும் அப்படித்தான். அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. ஆகவே அதைத் தோற்றுவிப்பவன் ஒருவன் உண்டு. அதாவது கடவுள் இங்கே ஒரு முடிவாக வருகிறார். முடிவுக்குக் கொண்டு சேர்த்த அளவைகள் அவருக்கு முன்பே கையில் இருந்தன.

ஆனால் அதே நூலின் பதினோராம் சூத்திரத்துக்குப் போனால் கதை மாறுகிறது. கண் தானாகப் பார்ப்பதில்லை, உயிர் காட்டக் காண்கிறது. அதுபோல உயிரும் தானாக அறிவதில்லை, இறைவன் காட்டக் காண்கிறது என்கிறது அது. இரண்டும் முரணா? இல்லை. இரண்டு வெவ்வேறு வரிசைகள். நான் எதை முதலில் அறிகிறேன் என்பது ஒரு வரிசை. எது இருப்பதால் என்னால் அறிய முடிகிறது என்பது இன்னொன்று. கண் நரம்பு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் மனிதன் பல்லாயிரம் ஆண்டுகள் நன்றாகவே பார்த்துக்கொண்டிருந்தான். நரம்பு இல்லாவிட்டால் பார்வையே இல்லை. பார்ப்பதற்கு முன்னால் நரம்பை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

என் பார்வையில் இந்த விவகாரத்தின் முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது. இருப்பின் வரிசையில் கடவுள் அடியில் இருக்கலாம். அதை மறுக்க அறிவியலிலோ தர்க்கத்திலோ எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அறிதலின் வரிசையில் அவரை அடியில் வைக்க முடியாது. அவர் இருக்கிறார் என்று அறிவதற்கே ஏற்கெனவே அறிந்துகொண்டிருக்க வேண்டும்.

அப்படியானால் அறிதலின் வரிசையில் அடியில் என்ன இருக்கிறது? சுமார் 7ஆம் நூற்றாண்டில், வேதத்துக்கு விளக்கம் சொல்லும் மீமாம்ச மரபைச் சேர்ந்த குமாரில பட்டர் சொன்ன பதிலே போதும் என்று நினைக்கிறேன். ஓர் அறிவு எழும்போதே தன் செல்லுபடியோடு எழுகிறது. அதைச் செல்லாததாக்க இன்னோர் அறிவு வந்தால்தான் அது விழும். தூரத்தில் தண்ணீர் தெரிகிறது, தண்ணீர்தான். கிட்டப் போனால் கானல். சரி, முன்னது பொய். ஒவ்வோர் அறிவுக்கும் இன்னோர் அறிவு சான்றிதழ் தர வேண்டும் என்றால் முதல் சான்றிதழே வராது. தர்க்கத்துக்குப் பேர்போன நியாய மரபினர் இதை ஒப்பவில்லை. குடித்துப் பார், தாகம் தீர்ந்தால் தண்ணீர் என்று உறுதி என்றார்கள். தாகம் தீர்ந்தது என்ற அறிவுக்கு எது சான்று? அங்கே அவர்களும் எப்படியோ நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேதத்தைத் தலைமேல் வைத்துக் காத்த மீமாம்சகர்கள், அதற்கு ஆசிரியரே இல்லை என்றும், உலகைப் படைத்த ஈசுவரன் ஒருவன் தேவையில்லை என்றும் வாதிட்டார்கள். அறிவின் செல்லுபடி வெளியிலிருந்து வர வேண்டும் என்று சொன்ன நியாய மரபில்தான், வேதம் நம்பத்தக்கது என்றால் அதைச் சொன்னவர் நம்பத்தக்கவராக இருக்க வேண்டும், ஆகவே ஈசுவரன் உண்டு என்று உதயணர் வாதிட நேர்ந்தது. அறிவு தானாக நிற்கும் என்றவருக்குக் கடவுள் தேவைப்படவில்லை; தானாக நிற்காது என்றவருக்குத் தேவைப்பட்டார். பக்தி எந்தப் பக்கம் அதிகம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நான்காவது வழியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொன்னால் போதும். நடுக்கடலில், கரைக்குக் கொண்டுபோக வழியில்லாமல், மிதந்துகொண்டே பலகை பலகையாக மாற்றும் கப்பல்தான் நம் அறிவு என்றார் தத்துவவாதி ஓட்டோ நொய்ராத். அழகான படிமம். நிற்கும் பலகையை நம்பி, நைந்த பலகையை மாற்றுவது என்று பார்த்தால் குமாரிலரிடமிருந்து இது வெகுதூரம் இல்லை. ஆனால் பலகைகள் ஒன்றோடொன்று பொருந்தினால் போதும் என்று மட்டும் சொன்னால், நன்றாகப் பின்னிய பொய்யும் மிதக்கும். கடல் நீர் எங்காவது வந்து முட்ட வேண்டும்.

அறிவின் தராசில் என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. அறத்துக்கு வந்தால் இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை.

அறத்தின் தராசு

இங்கே எல்லோரும் எடுக்கும் முதல் ஆயுதம் யூதிஃப்ரோவின் கேள்வி. பெற்ற தகப்பன்மேலேயே கொலை வழக்குப் போட வந்த யூதிஃப்ரோவை, பிளேட்டோவின் உரையாடலில், சாக்ரடீஸ் நீதிமன்ற வாசலில் மடக்குகிறார். புனிதமானது என்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா, தெய்வங்கள் விரும்புவதால் அது புனிதமா? முதலாவது என்றால் அறம் தெய்வத்துக்கு முன்பே இருக்கிறது. இரண்டாவது என்றால் தெய்வம் கொடுமையை விரும்பினால் கொடுமையும் புனிதம். இஸ்லாமிய இறையியலிலும் இதே பிளவு உண்டு. நன்மை தீமையை அறிவே கண்டுகொள்ளும் என்றார்கள் முஃதஸிலாக்கள். இறைவன் ஏவியதுதான் நன்மை என்றார்கள் அஷ்அரிகள். ஆக, 'நம்புகிறவர்கள் எல்லோரும் முதல் வழி' என்று நினைப்பது தவறு. முதல் வழியைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஆழ்ந்த நம்பிக்கையாளர்களும் உண்டு.

யூதிஃப்ரோவோடு ஆட்டம் முடிந்தது என்று நம்பாதவர்கள் சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். முடியவில்லை. கடவுள் நம்பிக்கையுள்ள தத்துவவாதி ராபர்ட் ஆடம்ஸ் 1999இல் முன்வைத்த வடிவத்தைப் பாருங்கள். நன்மை என்பது கடவுளின் கட்டளை அல்ல, கடவுளின் இயல்பு. ஒரு பொருள் எந்த அளவுக்கு அவரைப் போலிருக்கிறதோ அந்த அளவுக்கு நல்லது. கடமை மட்டுமே கட்டளையிலிருந்து வருகிறது, அதுவும் அன்பான கடவுளின் கட்டளையிலிருந்து. கொடுமையை விரும்பும் கடவுள் என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. தண்ணீர் என்பது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தது. அது தெரிவதற்கு முன்பும் மக்கள் தண்ணீரை அறிந்திருந்தார்கள், குடித்தார்கள். அதுபோலக் கடவுளை அறியாதவரும் நன்மையை அறியலாம்.

உவமையை நன்றாகக் கவனியுங்கள். தண்ணீரின் கூறுகள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தெரியவந்தன. அது தெரியாததால் யாரும் தாகத்தில் சாகவில்லை. ஆடம்ஸின் கடவுளும் இருப்பின் வரிசையில்தான் அடியில் நிற்கிறார். அன்பு நல்லது என்பது நமக்கு முன்பே தெரிந்திருப்பதால்தான், அன்பான கடவுளை வணக்கத்துக்கு உரியவர் என்கிறோம். சித்தாந்தத்தில் கண்ட அதே அமைப்பு.

சரி, எது நல்லது என்பதை அறியக் கடவுள் வேண்டாம். ஆனால் நான் ஏன் அதற்குக் கட்டுப்பட்டவன்?

ஒரு காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். சாகும் தறுவாயில் ஒரு நண்பர் உங்கள் கையில் ஒரு கடிதக் கட்டைக் கொடுக்கிறார். நூல் சுற்றிக் கட்டியிருக்கிறது. "படிக்காமல் எரித்துவிடு" என்கிறார். "சரி" என்கிறீர்கள். அவர் போய்விட்டார். உறவென்று யாரும் இல்லை. கட்டு இருப்பது உங்கள் இருவரைத் தவிர எவருக்கும் தெரியாது. இப்போது உங்களுக்கு மட்டும். இரவு, மேஜைமேல் கட்டு. முடிச்சு தளர்ந்திருக்கிறது, மேல் கடிதத்தின் ஓரத்தில் உங்கள் பெயர்போல ஏதோ தெரிகிறது. படித்தால் யாருக்கு நஷ்டம்? அவருக்கா? அவர் இல்லை. உங்களுக்கா? ஆசை தீரும், அவ்வளவுதான். பலன்களைக் கூட்டிக் கழித்தால் படித்துவிடலாம். இருந்தும் கை தயங்குகிறது. தயங்குவதோடு, தயங்குவது சரி என்றும் தோன்றுகிறது.

இந்தக் கட்டுப்பாடு யாரிடம் பட்ட கடன்? நம்புகிறவரிடம் நேரடியான பதில் இருக்கிறது. கடன் என்றால் கொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும். நண்பர் மறைந்தாலும் அந்த "சரி"யைக் கேட்ட ஒருவர் மறையவில்லை. தத்துவவாதி எலிசபெத் ஆன்ஸ்கோம் 1958இல் இந்த நரம்பைத்தான் தொட்டார். அவர் கத்தோலிக்கர். சட்டம் இயற்றியவரைக் கைவிட்டுவிட்டு 'அறக் கட்டளை', 'அறக் கடமை' என்ற சொற்களை மட்டும் வைத்துக்கொள்வது, குற்றவியல் சட்டமும் நீதிமன்றங்களும் ஒழிந்து மறந்துபோன பிறகும் 'குற்றவாளி' என்ற சொல்லைச் சுமந்து திரிவதைப் போன்றது என்றார். நம்பிக்கை இல்லாதவர்கள் அந்தச் சொற்களையே விட்டுவிட்டு, நேர்மையற்றது, அநியாயமானது என்று பேசட்டும் என்பது அவர் யோசனை. மூன்றாவது வழிக்காரரை இதுபோல யாரும் நெருக்கியதில்லை.

மூன்றாவது வழிக்காரருக்கு இன்னொரு குத்தும் உண்டு. அது அவர் பக்கத்திலிருந்தே வந்தது. கடவுளை நம்பாத தத்துவவாதி ஜே. எல். மேக்கி 1977இல் கேட்டார்: உலகத்தில் கல், மரம், அணு என்று எல்லாம் இருக்க, 'செய்தே ஆக வேண்டியது' என்று ஒரு பொருளும் தனியாக இருக்கிறதா? அப்படி இருந்தால் அது விசித்திரமான பொருள்தான். அவர் முடிவு, அப்படி ஒன்றும் இல்லை, நாம் எல்லோரும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது. அந்த விசித்திரத்தைச் சுமக்கத் தயாராக இருப்பவர்தான் மூன்றாவது வழியில் போக முடியும். நான் சுமக்கத் தயார். எண்களும் விசித்திரமான பொருள்கள்தான், அவற்றை வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறோம்.

ஆனால் முதல் வழியிலும் இரண்டாவது வழியிலும் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. கடவுள் ஏவினார், சரி. ஏவியவருக்கு ஏன் கட்டுப்பட வேண்டும்? அவர் தண்டிப்பார் என்பதாலா? அது பயம், கொள்ளைக்காரன் கத்தி காட்டினாலும் பணிகிறோம். நம்மைப் படைத்துக் காத்த நன்றிக்காகவா? அப்படியானால் நன்றி காட்ட வேண்டும் என்ற ஒரு கடமை அவர் ஏவுவதற்கு முன்பே இருக்கிறது. அவர் அன்பானவர், நேர்மையானவர் என்பதாலா? அன்புக்கும் நேர்மைக்கும் மதிப்பு முன்பே இருக்கிறது. எந்தப் பதிலைச் சொன்னாலும் ஒரே ஒரு மதிப்பாவது கட்டளைக்கு முன்னால் கிடக்கும். கூட்டலில் பார்த்த அதே தலைதான் இங்கேயும். அந்த ஒரு மதிப்பு தானாக நிற்க முடியும் என்றால், 'சொன்ன சொல்லைக் காப்பாற்று' என்பது மட்டும் ஏன் நிற்கக் கூடாது?

இதற்குமேல் என் தராசு கொஞ்சம் ஆடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாதமாகப் பார்த்தால் மூன்றாவது வழியே நிற்கிறது. ஆனால் மேஜைமேல் கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு, கேட்ட ஒருவர் இருக்கிறார் என்பதும் யாரும் இல்லை என்பதும் ஒரே மாதிரி இருக்காது. மறைந்தவருக்குச் செய்த நியாயம் எங்கோ ஒருவர் நினைவில் நிற்கிறது என்றால், அதனால் அந்த நியாயத்தின் எடை கூடிவிடாது; செய்தவர் தனியாக இருக்கமாட்டார். ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1788இல் இதைக் கிட்டத்தட்டப் பிடித்தார். அறம் கடவுளிலிருந்து வரக் கூடாது. வந்தால் அது கூலி வேலை ஆகிவிடும். ஆனால் அறவழியில் நடப்பவனுக்கு நல்வாழ்வும் கைகூட வேண்டும் என்று அறமே நம்மை எதிர்பார்க்க வைக்கிறது. உலகம் அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றுவதாகத் தெரியவில்லை. அதற்காகக் கடவுளை ஏற்றுக்கொள்ளலாம், அறிவாக அல்ல, அறத்தின் பொருட்டு. ஆக, அம்பின் முனை திரும்பிவிட்டது. அடியில் அறம், மேலே கடவுள். அஸ்திவாரமாக இல்லாமல் கூரையாக.

கூரை சின்ன விஷயமா? மழையில் நனைந்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

யாருக்கு எது

உங்களுக்கு எது என்று பார்க்க நான் வைக்கும் சோதனை இது. நாளைக் காலை எழுந்திருக்கும்போது உங்கள் கடவுள் நம்பிக்கை போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கை இல்லாதவர் என்றால் வந்துவிட்டதாக. கூடவே எதெல்லாம் போக வேண்டும், எதெல்லாம் புதிதாக வர வேண்டும் என்று ஒரு பட்டியல் போடுங்கள். 'ஏழும் எட்டும் பதினைந்து' அந்தப் பட்டியலில் வந்தால், நீங்கள் தெகார்த்தின் சுற்றில் மாட்டியிருக்கிறீர்கள். 'சித்திரவதை கெட்டது' வந்தால், உங்கள் கடவுளே அதைக் கண்டு வருத்தப்படுவார் என்பேன். பிரார்த்தனை, நன்றியைச் சொல்ல ஓர் ஆள், இறந்தவர்களுக்கு நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கை ஆகியவை வந்தால் அது சரியான பட்டியல். அவை உண்மையிலேயே போகும் பொருள்கள். 'கடவுள் இல்லாவிட்டாலும் ஒன்றும் மாறாது' என்று அலட்சியமாகப் பேசும் நம்பாதவர்கள் இந்த இழப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆழ்ந்த நம்பிக்கையோடு இருப்பவருக்கு, மூன்றாவது வழியின் அடித்தளத்தின்மேல் காண்டின் கூரையோ மெய்கண்டாரின் 'காட்டக் காணுதலோ' பொருந்தும். நம்பிக்கையில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பாரம் ஏற்றும் இடத்தை மட்டும் மாற்ற வேண்டும். நம்பிக்கைக்கும் ஐயத்துக்கும் நடுவே ஊசலாடுபவருக்கு முதல் வழி ஆபத்தானது. ஒவ்வொரு முறை ஐயம் வரும்போதும் கூடவே ஒழுக்கமும் ஆடும். குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பவர் 'சாமி கண்ணைக் குத்தும்' என்று ஆரம்பிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் குழந்தை பதினெட்டு வயதில் சாமியைச் சந்தேகிக்கும்போது, பொய் சொல்லாமல் இருக்கவும் காரணம் இல்லாமல் போய்விடும். நம்பிக்கை இல்லாதவர் மூன்றாவது வழியை எடுக்கும்போது மேக்கியின் விசித்திரத்தையும் ஆன்ஸ்கோமின் குத்தலையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார் என்று தெரிந்து எடுக்க வேண்டும். நான்காவது வழி, அறத்தைப் பொறுத்தவரை, நல்ல காலத்துக்கு நல்ல வழி. கப்பலில் உள்ள எல்லோரும் சேர்ந்து ஒரு கொடுமையை ஒப்புக்கொண்டுவிட்டால், ஒற்றை ஆளாக 'முடியாது' என்று நிற்க அது ஒரு பலகைகூடத் தராது.

அந்தக் கடிதக் கட்டு இன்னும் மேஜைமேல் இருக்கிறது. ஒரு வீட்டில் அதை வைத்திருப்பவர் தினமும் வணங்குகிறவர். இன்னொரு வீட்டில் இன்னொரு கட்டை வைத்திருப்பவர் எதையும் வணங்காதவர். இருவரும் அன்றிரவே, முடிச்சை அவிழ்க்காமல், எரித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் போய் ஏன் எரித்தீர்கள் என்று கேட்டால் வணங்குகிறவர், "எரிக்கிறேன் என்று சொல்லியிருந்தேன்" என்பார். வணங்காதவரும் "எரிக்கிறேன் என்று சொல்லியிருந்தேன்" என்பார். அதற்கு மேலும் விடாமல், "சொன்னால் என்ன?" என்று கேட்டால்தான் ஒருவர் மேலே பார்ப்பார், இன்னொருவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.